வீட்டில் செய்த ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரில் 200 மில்லிவோல்ட்டுக்கு மேல் டிசி ஆஃப்செட்: காரணம் பிடிபடவில்லை

கேள்வி

வணக்கம். ஒரே ஒரு இரட்டை ஆப்-ஆம்ப் ஐசியை (இரண்டு பெருக்கிகள் அடங்கிய சில்லு) வைத்துச் சிறிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் செய்து முடித்திருக்கிறேன். பாட்டு நன்றாகக் கேட்கிறது; ஆனால் ஹெட்போனைச் செருகும் ஒவ்வொரு முறையும் காதில் 'டப்' என்று பலமான சத்தம் விழுகிறது. சந்தேகப்பட்டு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, வெளியீட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை டிசி அளவில் வைத்துப் பார்த்தபோது, இடப்பக்கம் −214 மில்லிவோல்ட், வலப்பக்கம் −221 மில்லிவோல்ட் என்று காட்டியது. ஒலி இல்லாதபோது சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டிய இந்த நிலையான மின்னழுத்தத்தைத்தான் டிசி ஆஃப்செட் என்கிறேன். 32 ஓம் ஹெட்போனை இனி இதில் மாட்டுவதற்கே மனம் வரவில்லை.

சுற்று இதுதான். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து, அவை சந்திக்கும் புள்ளியைக் கிரவுண்டாக வைத்திருக்கிறேன். உள்ளே வரும் ஒலி 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலுக்குப் போய், அதன் நடுக்காலிலிருந்து 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாக ஐசியின் பிளஸ் உள்ளீட்டை அடைகிறது. அந்த உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம் மின்தடை உண்டு. பின்னூட்டத்தில் (வெளியீட்டிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்கு) 10 கிலோ ஓமும், மைனஸ் உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓமும் இருப்பதால் பெருக்கம் 11 மடங்கு. ஐசியின் முதுகில் ஓபிஏ2134 என்று அச்சிட்டிருக்கிறது. 8 கால் சாக்கெட்டில் பொருத்தியிருக்கிறேன். பவர் கால்கள் இரண்டுக்கும் அருகிலேயே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் உள்ளன.

இதுவரை செய்து பார்த்தவை: பற்றவைத்த இடங்கள் எல்லாவற்றையும் மறுபடி சூடாக்கிச் சரிசெய்தேன். வால்யூம் கன்ட்ரோலைப் புதிதாக மாற்றினேன். வால்யூமை முழுதாகக் குறைத்தாலும் கூட்டினாலும் அளவு ஒரு மில்லிவோல்ட்கூட மாறுவதில்லை. உள்ளீட்டுப் பிளக்கில் சிக்னல் கம்பியையும் கிரவுண்டையும் சேர்த்து ஷார்ட் செய்தபோதும் அதே −214தான் வந்தது. ஆகவே கோளாறு உள்ளீட்டுப் பக்கம் இல்லை, பின்னூட்டத்திலோ கிரவுண்டிலோதான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கே தேடுவது என்று வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன். என்னிடம் ஆசிலோஸ்கோப் இல்லை. மல்டிமீட்டர் மட்டுமே உண்டு.

மறுமொழி 1

நண்பரே, முதலில் ஒரு வேண்டுகோள்: வேலை முடியும்வரை ஹெட்போனை மாட்டாதீர்கள். 214 மில்லிவோல்ட் 32 ஓம் வழியே கிட்டத்தட்ட 6.7 மில்லிஆம்பியரை இடைவிடாமல் செலுத்தும். அதில் எரியும் சக்தி ஒன்றரை மில்லிவாட்டுக்குச் சற்றுக் குறைவுதான், சுருள் உடனே கருகிவிடாது. ஆனாலும் ஹெட்போனில் ஒலியெழுப்பும் மெல்லிய சவ்வு எந்நேரமும் ஒருபக்கமாகத் தள்ளப்பட்டு நிற்கும். நீங்கள் கேட்கும் 'டப்' சத்தம் அது இடம்பெயரும் சத்தமே. சுமையோடு அளக்க வேண்டுமென்றால் 33 ஓம் மின்தடை ஒன்றை ஹெட்போன் இருக்க வேண்டிய இடத்தில் வையுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிளக்கில் ஷார்ட் செய்து பார்த்து, உள்ளீட்டுப் பக்கம் குற்றமற்றது என்று முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். அந்த முடிவு சரியல்ல. பிளக்குக்கும் ஐசிக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி நிற்கிறது. டிசியைப் பொறுத்தவரை அது ஒரு சுவர். சுவருக்கு அப்புறம் நீங்கள் எதைச் செய்தாலும் இப்புறம் உள்ள 3ஆம் காலுக்கு (இடப்பக்கத்தின் பிளஸ் உள்ளீடு) அது தெரியாது. வால்யூமைத் திருப்பியும் அளவு மாறாததற்குக் காரணமும் அதுவே. எனவே வால்யூம் கன்ட்ரோல்தான் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கியது. 3ஆம் காலும் 100 கிலோ ஓமும் இன்னும் அதில் இருக்கின்றன.

என் சந்தேகம் எண்களிலிருந்து எழுகிறது. வெளியீட்டில் 214 என்றால், 11ஆல் வகுத்தால் உள்ளீட்டில் சுமார் 19.5 மில்லிவோல்ட். 100 கிலோ ஓம் மின்தடையில் 19.5 மில்லிவோல்ட் விழ வேண்டுமென்றால் அதன் வழியே 195 நானோஆம்பியர் ஓட வேண்டும். ஓபிஏ2134 என்பது ஃபெட் (உள்ளீட்டில் ஏறக்குறைய மின்னோட்டமே எடுக்காத டிரான்சிஸ்டர் வகை) உள்ளீடு கொண்ட ஐசி. அதன் பயாஸ் மின்னோட்டம், அதாவது உள்ளீட்டுக் கால் வழியே எப்போதும் ஓடும் சிறு மின்னோட்டம், வழக்கமாக 5 பிகோஆம்பியர், மிக மோசமான நிலையிலும் 100 பிகோஆம்பியர். 100 பிகோஆம்பியர் 100 கிலோ ஓமில் உண்டாக்குவது ஒரு மில்லிவோல்ட்டின் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே. அந்த ஐசியின் உள்ளீட்டு ஆஃப்செட் அதிகபட்சம் 2 மில்லிவோல்ட் என்பதால், 11 மடங்கு பெருக்கத்தோடு வெளியீட்டில் 22 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு வருவது அதைப்போல் பத்து மடங்கு. அதுவும் இரண்டு பக்கமும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில். தற்செயலான பற்றவைப்புக் கோளாறு இரண்டு சேனல்களையும் இப்படி ஒரேமாதிரி பாதிப்பது அரிது.

ஆகவே ஒரு சோதனை செய்யுங்கள். சிறு கம்பித் துண்டு ஒன்றால் 100 கிலோ ஓம் மின்தடையின் இரு முனைகளையும், அதாவது 3ஆம் காலையும் கிரவுண்டையும் நேரடியாகச் சேர்த்துவிட்டு, வெளியீடான 1ஆம் காலில் டிசியை அளந்து சொல்லுங்கள். வலப்பக்கத்துக்கு 5ஆம் காலைக் கிரவுண்டோடு சேர்த்து 7ஆம் காலில் அளக்க வேண்டும்.

மறுமொழி 2

இரண்டு பேட்டரிகளின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே அளந்தீர்களா? ஒன்று தளர்ந்து, மற்றது புதிதாக இருந்தால் நடுப்புள்ளி விலகி ஆஃப்செட் வரக்கூடும் என்று நினைக்கிறேன். அது சரியாகவே இருந்தாலும், வெளியீட்டில் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைத் தொடராகப் போட்டுவிட்டால் டிசி ஹெட்போனை எட்டவே எட்டாது. 32 ஓம் சுமைக்கு அது 10 ஹெர்ட்ஸ் அளவிலிருந்தே ஒலியைக் கடத்தும். பேஸ் குறைந்ததாகத் தோன்றாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பேட்டரிகளை அளந்தேன்: ஒன்று 9.1, மற்றது 8.7 வோல்ட்.

கம்பித் துண்டால் 3ஆம் காலைக் கிரவுண்டோடு சேர்த்ததும் இடப்பக்க வெளியீடு −214இலிருந்து −5 மில்லிவோல்ட்டுக்கு இறங்கியது. வலப்பக்கம் −221இலிருந்து +2 மில்லிவோல்ட்டுக்கு வந்தது. கம்பியை எடுத்தவுடன் பழைய அளவுகளே திரும்பிவிட்டன. பிறகு மல்டிமீட்டர் முனையை 3ஆம் காலிலேயே வைத்துப் பார்த்தேன், −18.8 மில்லிவோல்ட் காட்டியது. பிளக்கில் ஷார்ட் செய்ததற்கும் இங்கே ஷார்ட் செய்ததற்கும் இவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அப்படியானால் 100 கிலோ ஓம் மின்தடை பழுதா? கழற்றி அளந்தபோது 99.8 கிலோ ஓம் காட்டியது.

மறுமொழி 1

மின்தடை நல்ல நிலையில்தான் இருக்கிறது. அதன் வழியே ஓடக் கூடாத மின்னோட்டம் ஓடுகிறது, அதுதான் சிக்கல்.

கணக்கை உங்கள் எண்களாலேயே முடித்துவிடலாம். கம்பி இல்லாத போதும் இருக்கும் போதும் உள்ள வேறுபாடு இடப்பக்கம் 209 மில்லிவோல்ட். 11ஆல் வகுத்தால் 19.0. அதை 100 கிலோ ஓமால் வகுத்தால் 190 நானோஆம்பியர். வலப்பக்கம் இதே முறையில் 223 மில்லிவோல்ட், அதாவது 203 நானோஆம்பியர். நீங்கள் 3ஆம் காலில் நேராக அளந்த −18.8 இதோடு பொருந்துகிறது. மல்டிமீட்டரின் உள்மின்தடை வழக்கமாக 10 மெகா ஓம் என்பதால், 100 கிலோ ஓமுக்கு இணையாக அது நிற்கும்போது அளவு ஒரு விழுக்காடு குறைந்து தெரியும். 19.0இல் ஒரு விழுக்காட்டைக் கழித்தால் 18.8. வெறும் மல்டிமீட்டரால் நானோஆம்பியரை இவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறீர்கள்.

குறியையும் கவனியுங்கள். 3ஆம் கால் கிரவுண்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்றால், மின்னோட்டம் கிரவுண்டிலிருந்து மின்தடை வழியாக ஐசிக்குள் போகிறது. உள்ளீட்டில் என்பிஎன் டிரான்சிஸ்டர் இருந்தால் அப்படித்தான் நடக்கும். எல்எம்358, 4558 போன்ற ஐசிகளில் உள்ளீடு பிஎன்பி வகை. அவற்றில் மின்னோட்டம் காலிலிருந்து வெளியே வரும், வெளியீடு பிளஸ் பக்கம் விலகும். என்பிஎன் உள்ளீடும் 200 நானோஆம்பியர் அளவு பயாஸ் மின்னோட்டமும் கொண்ட, எங்கும் கிடைக்கும் இரட்டை ஆப்-ஆம்ப் என்றதும் என் நினைவுக்கு வருவது என்ஈ5532. அதன் வழக்கமான பயாஸ் மின்னோட்டம் சரியாக 200 நானோஆம்பியர். உங்கள் ஐசியின் முதுகில் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்றே எண்ணுகிறேன்.

பேட்டரி பற்றி எழுதிய நண்பருக்கு: 9.1, 8.7 என்ற வேறுபாடு இங்கே காரணமாக முடியாது. வழங்கும் மின்னழுத்தத்தின் மாற்றத்தை ஆப்-ஆம்ப் 80 டெசிபெல் அளவுக்கு ஒதுக்கினாலே உள்ளீட்டை எட்டுவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு, 0.4 வோல்ட்டில் அது 40 மைக்ரோவோல்ட், வெளியீட்டில் அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. வெளியீட்டு மின்தேக்கி ஹெட்போனைக் காக்கும் என்பது உண்மை. ஆனால் அதைப் போட்டிருந்தால் இந்தக் கோளாறு கண்ணில் படாமல் உள்ளேயே இருந்திருக்கும். போதாததற்கு, வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு மின்தடையும் சேர்க்காவிட்டால் மின்தேக்கியில் தேங்கிய டிசி ஹெட்போனைச் செருகும்போது அதே 'டப்' சத்தத்தைத் தரும்.

மறுமொழி 3

மேலே சொன்ன கணக்கை முழுமையாக ஏற்கிறேன். ஐசியை உறுதிசெய்ய எளிய வழி ஒன்று இருப்பதால் இடையில் எழுதுகிறேன்.

என்ஈ5532க்குள் ஒவ்வொரு ஆப்-ஆம்பின் பிளஸ், மைனஸ் உள்ளீடுகளுக்கு நடுவே இரண்டு டையோடுகள் எதிரெதிர்த் திசையில் இணையாக வைக்கப்பட்டிருக்கின்றன. உள்ளீடுகளுக்கு இடையே 0.6 வோல்ட்டுக்கு மேல் ஏறி டிரான்சிஸ்டர்கள் கெடாமல் காப்பது அவற்றின் வேலை. ஓபிஏ2134இல் அவை இல்லை. ஐசி சாக்கெட்டில்தான் இருக்கிறது என்றீர்கள். ஆகவே பேட்டரியைக் கழற்றிவிட்டு ஐசியை மெல்ல நெம்பி எடுங்கள். மல்டிமீட்டரை டையோடு அளவில் வைத்து 2ஆம் காலிலும் 3ஆம் காலிலும் முனைகளை வைத்துப் பாருங்கள். பிறகு முனைகளை இடம் மாற்றிப் பாருங்கள். இரு திசையிலும் 0.6 முதல் 0.7 வரை காட்டினால் உள்ளே டையோடுகள் உண்டு. ஐசியைச் சாக்கெட்டில் வைத்தபடி இதைச் செய்யக் கூடாது, வெளியே உள்ள மின்தடைகள் அளவைக் குழப்பிவிடும்.

பேட்டரியிலிருந்து எடுக்கும் மின்னோட்டத்தை அளந்து கண்டுபிடிக்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். இந்த இரண்டு ஐசிகளும் வேலையில்லாமல் நிற்கும்போது எடுப்பது ஏறத்தாழ 8 மில்லிஆம்பியர்தான். அந்த வழியில் இவற்றைப் பிரித்தறிய முடியாது.

இன்னொன்று. ஆப்-ஆம்ப் மெகாஹெர்ட்ஸ் அளவில் அலைவுற ஆரம்பித்தாலும் வெளியீட்டில் பொய்யான டிசி தோன்றும். அதைப் பெரும்பாலான மல்டிமீட்டர்களின் ஏசி அளவு காட்டிக்கொடுக்காது. ஆனால் அப்படி வரும் ஆஃப்செட் விரலை அருகே கொண்டுபோனாலோ ஹெட்போன் கேபிளை மாட்டினாலோ அலைபாயும், ஐசியும் வழக்கத்துக்கு மேல் சூடாகும். உங்கள் அளவுகள் அசையாமல் நின்றதாலும், 3ஆம் காலைக் கிரவுண்டு செய்ததும் கணக்கிட்டபடியே இறங்கியதாலும் அந்தச் சந்தேகம் எனக்கு இல்லை.

கேள்வி கேட்டவர்

ஐசியை எடுத்து அளந்தேன். 2ஆம் காலுக்கும் 3ஆம் காலுக்கும் இடையே ஒரு திசையில் 0.68, முனைகளை மாற்றியபோதும் 0.68. 5, 6ஆம் கால்களிலும் அப்படியே. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், எழுத்துகள் இருக்கும் மேற்பரப்பு பக்கவாட்டைவிட மழமழப்பாக, தேய்த்ததுபோல் இருக்கிறது. முன்பு இதை நான் கவனித்ததில்லை. ஃபெட் ஐசி என்று நம்பித்தான் 100 கிலோ ஓமைத் தேர்ந்தெடுத்தேன். இனி உண்மையான ஓபிஏ2134 வாங்கித்தான் ஆக வேண்டுமா, அல்லது இதே ஐசியை வைத்து ஆஃப்செட்டைக் குறைக்க வழி உண்டா?

மறுமொழி 3

இதே ஐசியை வைத்தே சரிசெய்யலாம். பெயர் மாற்றி விற்றது வருத்தத்துக்குரியது. ஆனால் உள்ளே இருப்பது என்ஈ5532 என்றால் அது மட்டமான ஐசி அல்ல. ஒலிக்கலவை மேசைகளில் பல்லாண்டுகள் பயன்பட்ட, இரைச்சல் மிகக் குறைந்த ஐசி. ஃபெட் ஐசிக்காக வரைந்த சுற்றில் அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு சேனலிலும் மூன்று பொருள்களை மாற்றினால் போதும். முதலாவது, 100 கிலோ ஓமை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் போடுங்கள். இதனால் 3ஆம் காலில் விழும் 19 மில்லிவோல்ட் 1.9 ஆகிவிடும். ஆனால் மின்தடையைப் பத்தில் ஒன்றாக்கிவிட்டு 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை அப்படியே விட்டால், 16 ஹெர்ட்ஸில் இருந்த வெட்டுப்புள்ளி (அதற்குக் கீழுள்ள ஒலி குறையத் தொடங்கும் அதிர்வெண்) 160 ஹெர்ட்ஸுக்கு ஏறி பேஸ் காணாமல் போகும். ஆகவே இரண்டாவதாக, அதை 2.2 மைக்ரோஃபாரட் ஃபிலிம் மின்தேக்கியாக மாற்றுங்கள். வெட்டுப்புள்ளி 7 ஹெர்ட்ஸ் அருகே வரும். எலக்ட்ரோலிட்டிக் வேண்டாம், அதன் கசிவு மின்னோட்டம் நீங்கள் இப்போது துரத்திக்கொண்டிருக்கும் அதே தொல்லையை மறுபடி கொண்டுவரும்.

மூன்றாவது மாற்றம்தான் முக்கியம். மைனஸ் உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 1 கிலோ ஓமை நேராகக் கிரவுண்டில் சேர்க்காமல், அதனோடு தொடராக 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்துச் சேருங்கள். ஒலிக்கு அந்த மின்தேக்கி இருப்பதே தெரியாது; 1.6 ஹெர்ட்ஸுக்கு மேல் பெருக்கம் 11 மடங்காகவே இருக்கும். டிசிக்கு மட்டும் 1 கிலோ ஓம் அறுந்துபோனதாக ஆகி, பெருக்கம் 1 ஆகிவிடும். அதில் நிற்கும் டிசி ஓரிரு மில்லிவோல்ட்தான் என்பதால் இந்த இடத்தில் சாதாரண எலக்ட்ரோலிட்டிக் போதும்.

இதில் இன்னொரு நன்மை உண்டு. மின்தேக்கி வந்தபிறகு, மைனஸ் உள்ளீட்டுக்குத் தேவைப்படும் பயாஸ் மின்னோட்டம் 10 கிலோ ஓம் பின்னூட்ட மின்தடை வழியாக மட்டுமே வர முடியும். பிளஸ் உள்ளீட்டுக்கும் இப்போது 10 கிலோ ஓம். இரண்டு உள்ளீடுகளும் ஏறக்குறைய ஒரே மின்னோட்டத்தை ஒரே அளவு மின்தடை வழியாக இழுப்பதால், இரண்டும் சமமாகக் கீழே இறங்கி, ஒன்றின் விளைவை மற்றது ஈடுசெய்துவிடும். மிஞ்சுவது ஐசியின் இயல்பான ஆஃப்செட் மட்டுமே. 3ஆம் காலைக் கிரவுண்டு செய்தபோது உங்கள் இடப்பக்கம் −5 வந்தது. அதில் மைனஸ் காலின் மின்னோட்டம் பின்னூட்டத்தின் வழியே தந்த +1.9ஐக் கழித்து 11ஆல் வகுத்தால் −0.6 மில்லிவோல்ட். வலப்பக்கம் சுழியத்தை ஒட்டி வருகிறது. மாற்றம் முடிந்ததும் இவற்றை ஒட்டியே அளவுகள் வர வேண்டும்.

100 கிலோ ஓம் மின்தடையை மைனஸ் பக்கமும் வைத்து ஈடுகட்டலாம் என்ற யோசனை உங்களுக்கு வரலாம். டிசிக்கு அது சரிவரும். ஆனால் அவ்வளவு பெரிய மின்தடை தன் சொந்த வெப்ப இரைச்சலை ஐசிக்குள் செலுத்தும், அதனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் வால்யூம் கன்ட்ரோலும் 10 கிலோ ஓம் என்பதால், அதன்மேல் புதிதாக 10 கிலோ ஓம் சுமை ஏறும். நடு அளவில் ஒலி முன்பைவிடச் சற்றுக் குறைந்து கேட்கும், குமிழைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்ப வேண்டியிருக்கும். வேறு பாதிப்பு எதுவும் இல்லை.

கேள்வி கேட்டவர்

மூன்று மாற்றங்களையும் இரண்டு சேனல்களிலும் செய்து முடித்தேன். இடப்பக்கம் −0.7 மில்லிவோல்ட், வலப்பக்கம் +0.2 மில்லிவோல்ட். 33 ஓம் மின்தடையைச் சுமையாக வைத்தும், ஒரு மணி நேரம் ஓடவிட்டும் அளந்தேன்; மாற்றம் இல்லை. அதன் பிறகே ஹெட்போனைச் செருகினேன். 'டப்' சத்தம் அறவே இல்லை. வால்யூம் நீங்கள் சொன்னதுபோல் நடுவில் சற்றுக் குறைந்துதான் கேட்கிறது, ஆனால் குறையாகத் தோன்றவில்லை. மூவருக்கும் மனமார்ந்த நன்றி.

கடைசியாக ஒன்று: அதே பொட்டலத்தில் இன்னும் இரண்டு ஐசிகள் இருந்தன, அதே அச்சு. டையோடு சோதனையில் ஒன்று இரு திசையிலும் 0.68 காட்டியது, மற்றது எந்தத் திசையிலும் ஒன்றும் காட்டவில்லை. அந்த இரண்டாவதை இந்த மாற்றிய சுற்றில் அப்படியே போடலாமா?

மறுமொழி 1

தாராளமாகப் போடலாம். ஃபெட் ஐசிக்கு 10 கிலோ ஓம் எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் டையோடு இல்லை என்பதால் மட்டுமே அது ஓபிஏ2134 என்று ஆகிவிடாது. டையோடு இல்லாத ஐசிகள் பல உண்டு. போடுவதற்கு முன், ஒரு துண்டுப் பலகையில் உங்கள் பழைய 100 கிலோ ஓம் சுற்றை ஒரு சேனலுக்கு மட்டும் மறுபடி கட்டி, 3ஆம் காலில் கம்பி வைத்தும் எடுத்தும் வெளியீட்டை அளந்து பாருங்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையே மைனஸ் உள்ளீட்டின் பங்கும் ஐசியின் சொந்த ஆஃப்செட்டும் கழிந்துவிடுவதால், மிஞ்சும் வேறுபாடு பயாஸ் மின்னோட்டத்தை மட்டுமே சொல்லும். ஃபெட் உள்ளீடு என்றால் கம்பியை எடுத்தாலும் வைத்தாலும் மல்டிமீட்டரின் கடைசி இலக்கம்கூட அநேகமாக அசையாது.